சூடு பார்க்கிற கை

அந்தத் தெருவில் அவருக்கு மீட்டர் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் அடியில் உள்ளங்கையை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால் போதும், இது பட்டுக்கு ஆகும், இது பருத்திக்கு ஆகும், இப்போது வைத்தால் நைலான் சுருண்டுவிடும் என்று சொல்லிவிடுவார். பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கத்தான் செய்தது. அது கெட்டுப்போய் ஏழு வருஷம் ஆகிறது. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, உங்க கையிலயே மீட்டர் இருக்கே, இது எதுக்கு என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் அது. சுவிட்சைப் போட்டும் அணைத்துமே மனுஷர் காலத்தை ஓட்டினார். முப்பது வருஷத்தில் ஒரு துணி கருகியதில்லை என்று, கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார்.

முன்னறை கடை, பின்னறை வீடு. கடையில் இரண்டு மேஜை. ஒன்றில் அவர் சட்டையும் பேன்ட்டும் தேய்ப்பார். மற்றதில் அவர் மனைவி. மடிப்பு மடிப்பாகத் தைத்த பாவாடை, ஃப்ரில் வைத்த கவுன், விறைப்பாக நிற்க வேண்டிய காலர் என்று பொறுமை வேண்டிய உருப்படியெல்லாம் அவள் மேஜைக்குத்தான் போகும். உள்ளதைச் சொன்னால் கடை ஓடியது அவளால்தான். பேர் வாங்கினது அவர். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "மீட்டர் ஓடினா போதும், யார் வீட்டு மீட்டரா இருந்தா என்ன" என்பாள்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டது அவளுக்கு, குளிக்கும்போது. மூடி மறைக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. ஈரத் தலையோடு வந்து, நாளைக்குக் காலையில் கடை கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டாள். போனார்கள். ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், பிறகு ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். தையல் ஆறியதும் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். எடுத்த கட்டியைச் சோதித்ததில், அதன் செல்களின் மேல் ஒரு வகைப் புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது, அதனால் இரண்டு வகை மருந்து என்றார். ஒன்று கீமோ, மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. இன்னொன்று அந்தப் புரதத்தைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்கிற மருந்து. அது கீமோவோடு கூடவே ஆரம்பித்து, கீமோ முடிந்த பிறகும் நிற்காமல், மொத்தம் ஒரு வருஷம் ஏறும். மீட்டர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள்தான் விளக்கினாள்.

"கீமோங்கறது மொத்த மூட்டையையும் ப்ளீச்சிங்ல ஊறப்போடற மாதிரிங்க. அழுக்கும் போகும், சாயமும் போகும். அதான் முடி கொட்டுது, வாய் புண்ணாகுது, ரத்தத்துல வெள்ளணு குறையுது. இன்னொண்ணு, கறை எங்க இருக்குன்னு பார்த்து அங்க மட்டும் தடவறோமே, அந்த மாதிரி."

"அப்ப அதை மட்டும் போட்டா ஆகாதா?"

"கண்ணுக்குத் தெரியாத கறை எங்கெங்க ஒளிஞ்சிருக்குன்னு யாரு கண்டா. ரெண்டும் சேர்ந்தாத்தான் திரும்ப வராம இருக்குமாம். கறை மருந்துலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. சில பேருக்கு இதயத்தைச் சோர வச்சிடுமாம். அதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்க்கணும்னாரு. நீங்க என்னத்தைக் கேட்டுட்டு இருந்தீங்க?"

டாக்டர் அரை மணி நேரம் பேசியதை இவள் இரண்டு நிறுத்தம் போவதற்குள் முடித்துவிட்டாளே என்று மீட்டருக்கு இருந்தது. தனக்கு வந்த நோயை இப்படி வேறு யாருக்கோ வந்ததுபோல எடுத்துச் சொல்ல எப்படித்தான் முடிகிறதோ என்றும் இருந்தது.

கீமோ ஏற்றுகிற வார்டில் ஒரு சிஸ்டர், கண்டிப்புக்கே பிறந்தவர். முதல் நாளே ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, வரிக்கு வரி விரல் வைத்துச் சொன்னார். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரைக்கும் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போயிருக்கும், அந்த நாளில் கூட்டத்துக்குள் போகாதீர்கள், சளி பிடித்தவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள், தினமும் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள் என்றார்.

"நூறு புள்ளி நாலு. அந்த நம்பரை நெஞ்சுல எழுதி வச்சுக்கங்க. அதுக்கு வந்துடுச்சுன்னா மாத்திரை போட்டு அமுக்கக்கூடாது, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக்கூடாது. போட்ட துணியோட கிளம்பி வாங்க. எதிர்த்து நிக்க உடம்புல ஆள் இருக்காது, புரியுதா?"

புரிந்தது என்று மீட்டர்தான் முதலில் சொன்னார்.

முதல் தடவை காலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாலை ஆகிவிட்டது. கறை மருந்தை முதன்முதலாக ஏற்றும்போது குளிர் நடுக்கம் வரலாம் என்று சொட்டுச் சொட்டாக விட்டார்கள். வந்தது, போர்வை போட்டதும் அடங்கியது. ஒவ்வொரு பையையும் மாட்டும்போது இது எது, எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டு, இவ்வளவுதானா என்றாள். அவளுக்குத் தெரியாதா, இவ்வளவு இல்லை என்று. மூன்றாம் நாள் வரை தெம்பாகத்தான் இருந்தாள். நான்காம் நாள் கஞ்சியை வாயில் வைத்ததும் இரும்பைச் சப்புவதுபோல இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். ஐந்தாம் நாள் எலும்பெல்லாம் குடைச்சல். கஞ்சிப் பசை போட்ட துணியில் பெட்டியை வைத்தால் எழும்புமே ஒரு வாசனை, இருபத்தைந்து வருஷமாக மூக்கில் ஏறாத அந்த வாசனை இப்போது குமட்டியது. மீட்டர் பசைத் துணியையெல்லாம் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நின்று தேய்த்தார்.

அப்போதுதான் அவள் ஒரு காரியம் செய்தாள். கடையில் துணிக்குக் குத்துகிற அடையாளச் சீட்டு கட்டுக்கட்டாகக் கிடந்தது. இருபத்தோரு சீட்டை எடுத்து, நாளுக்கு ஒன்றாக, அன்றன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று எழுதி, பின்னறைக் கொடியில் வரிசையாகக் குத்தி வைத்தாள். நாலு: வாய் கசப்பு, எலுமிச்சைத் தண்ணி இறங்குது. ஆறு: வயிறு கட்டிக்கிச்சு. பதினாலு: பசி வந்துடுச்சு, ரெண்டு முட்டை. ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் சிவப்புச் சீட்டு. சாயம் போகிற துணிக்குத்தான் அந்தக் கடையில் சிவப்புச் சீட்டு குத்துவார்கள், தனியாக வை, மற்றதோடு சேர்க்காதே என்று அர்த்தம். இரண்டாவது கீமோவுக்குப் போனபோது அவளுக்கு எல்லாம் அத்துப்படி. நாளைக்கு நாலாம் நாள், கஞ்சி வேண்டாம், எலுமிச்சம்பழம் வாங்கி வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். வரப்போவது இன்னது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது என்றாள். மீட்டரின் தங்கை, ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள், பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் எட்டிப் பார்ப்பாள். கொடியைப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களையே சலவைக்குப் போட்டுச் சீட்டு குத்திட்டீங்களே" என்றாள். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

முடி விஷயத்திலும் அப்படித்தான். முதல் கீமோ ஏறிய பதினைந்தாம் நாள், தேய்த்து மடித்த ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் நீளமாக ஒரு முடி கிடந்தது. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கஸ்டமர் துணியில் முடி கிடந்தால் கடைக்குத்தான் அசிங்கம் என்று சொல்லிவிட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டு அன்றைக்கே மழித்துக்கொண்டாள். மீட்டர் வாசலில் நின்று ஒரே பேன்ட்டை மூன்று தடவை தேய்த்தார். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா பாருங்கள் என்று தலையைக் காட்டினாள்.

இதெல்லாம் சரி. தெர்மாமீட்டர் சமாச்சாரம்தான் சறுக்கிவிட்டது.

முதலில் ஒழுங்காகத் தெர்மாமீட்டர் குச்சியை வைத்தார்கள். அவள் குச்சியை வாயில் வைப்பாள், இவர் நெற்றியில் கை வைப்பார். ஜுரம் இல்லை என்று கை முதலில் சொல்லும், குச்சி பின்னால் சொல்லும். இப்படியே பத்து நாள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்கிறபோது எதற்கு இரண்டு என்று மீட்டருக்குத் தோன்றிவிட்டது. முப்பது வருஷமாகச் சூட்டோடு குடித்தனம் பண்ணுகிறவனுக்கு ஜுரம் தெரியாதா என்றார். அவளும் சரி என்றுவிட்டாள். அவள் கண்ணாலேயே எத்தனையோ தடவை பார்த்ததுதானே, அந்தக் கை தப்பினதில்லை. தங்கை மட்டும், அண்ணே, அது பெட்டி, இது ஆளு என்று முனகினாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள். குச்சி உறையோடு பட்டன் டப்பாவுக்குள் போய்விட்டது.

மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள். ஒரு ஓட்டல் சர்வர்களுடைய வெள்ளைச் சட்டை நாற்பது, சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். காலை ஆறு மணிக்கே பெட்டியைப் போட்டுவிட்டார். பத்து மணிக்கு அவள் பின்னறையிலிருந்து, உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாள். போய் நெற்றியில் கை வைத்தார். "ஒண்ணும் இல்ல, பச்சத்தண்ணியா இருக்கு. படு." பன்னிரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள், குளிர்கிறது என்றாள். மறுபடி கை வைத்தார். அதே பதில். போர்வையை இழுத்துவிட்டு வந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மணி நேரமாகப் பெட்டியைப் பிடித்த கை அது. அதைவிடச் சூடாக எந்த நெற்றி இருக்கப்போகிறது. போதாததற்கு உள்ளங்கை முழுக்கத் தடித்துக் காய்ப்பு ஏறியிருக்கிறது. கொதிக்கிற நெற்றி அதற்குக் குளிர்ந்துதான் தெரியும். இந்தச் சின்னக் கணக்கு அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

இரண்டு மணி இருக்கும். பின்னறையிலிருந்து அவள் குரல் வந்தது. சத்தமாக இல்லை, நிதானமாகத்தான் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. இந்தக் கைக்குட்டையை நல்லா நனைச்சுப் பிழிஞ்சு நெத்தியில போட்டேன். நான் தண்ணி ஊத்தின சத்தம் கேட்டதுலேர்ந்து நீங்க அங்க எத்தனை சட்டை முடிச்சீங்க?"

"ஒண்ணு. ரெண்டாவதைப் பாதி தேய்ச்சிட்டிருக்கேன். ஏன்?"

"ரெண்டு சட்டை தேய்க்கறதுக்குள்ள காஞ்சு போச்சு. தொட்டுப் பாருங்க, மொறமொறன்னு இருக்கு. பருத்தித் துணி சும்மா இருக்கற உடம்புல இவ்வளவு சீக்கிரம் காயாதுங்க. டப்பாவுல இருக்கற குச்சியை எடுங்க."

நூற்றி இரண்டு புள்ளி இரண்டு என்று காட்டியது. மீட்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் நீர் கட்டியது. அவள் அதற்குள் எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். மாற்றுத் துணி, ஆஸ்பத்திரிச் சீட்டு, போர்வை எல்லாம் என்றைக்கோ கட்டித் தயாராக வைத்திருக்கிறாள்.

"பெட்டியை அணைச்சிட்டு ஷட்டரை இறக்குங்க. டாக்ஸிக்குச் சொல்லுங்க. நின்னு அழறதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

நாற்பது சட்டையில் பதினெட்டு அப்படியே கிடந்தது. டாக்ஸியில் பல் கிட்டும்படி அவளுக்கு நடுங்கியது. அந்த நடுக்கத்திலும், சட்டை வரத் தாமதமாகும் என்று ஓட்டலுக்குப் போன் பண்ணச் சொன்னாள். மீட்டர் பண்ணினார். என்ன பேசினார் என்று அவருக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நொடி வீணாக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் அரை மணிக்குள் கையில் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. ரிசல்ட் வந்தபோது டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். வெள்ளணு இல்லை என்றே சொல்லலாம், ரத்த அழுத்தமும் இறங்கிக்கொண்டிருக்கிறது, ராத்திரி வரைக்கும் விட்டிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார். எப்போதிலிருந்து ஜுரம் என்று கேட்டார்.

"இப்பத்தான் டாக்டர். நான்தான் லேட்டா சொன்னேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

மீட்டருக்கு அது பொறுக்கவில்லை. அந்த வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள், சிஸ்டரும் நின்றார்.

"இல்லைங்க. காலையில பத்து மணிக்கே சொன்னா. நான்தான் கையை வச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். குச்சியை நான்தான் டப்பாவுல போட்டு மூடினேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

திட்ட வாயெடுத்த சிஸ்டர் அவருடைய கையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவள் கைக்குட்டைக் கதையைச் சொன்னாள். பதினெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தெர்மாமீட்டரைக் கேள்விப்பட்டதில்லை என்றார் சிஸ்டர். அவர் யாரையும் பாராட்டி அந்த வார்டில் அதற்கு முன் கேட்டவர்கள் கிடையாது.

ஐந்து நாள் இருந்தாள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. அடுத்த கீமோவை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள், அதன் பிறகு ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாள் வெள்ளணு ஏறுவதற்கு ஒரு ஊசி போட்டார்கள். அந்த ஊசியால் இடுப்பெலும்பு கழன்று விழுவதுபோல வலிக்கும். அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடியில் குத்தினாள். நாலு, ஐந்து, ஆறு என்று முடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் அவள் ஒரு தடவைகூட நிறுத்திவிடலாமா என்று கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், ஐந்தாவதுக்குப் போகிற அன்றைக்குக் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் போயிடும், வாங்க என்றாள்.

மீட்டர்தான் ஆள் மாறிப்போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியின் திருகைச் சரி பண்ணிக்கொண்டார். திருகைத் திருப்பி, விளக்கு அணைகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் துணியைத் தொடுவார். உள்ளங்கையை நீட்டுகிற பழக்கமே நின்றுவிட்டது. தெருவில் யாராவது மீட்டர் என்று கூப்பிட்டால் காது கேளாதவர்போலப் போவார். காலையும் மாலையும் குச்சியைத் துடைத்து அவளிடம் நீட்டுவார், நம்பரைச் சீட்டில் குறிப்பார். அவளைத் தொட்டு மட்டும் பார்க்க மாட்டார். மருந்தை எடுத்துக் கொடுத்தால்கூட டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தங்கை ஒரு நாள் கேட்டேவிட்டாள், ஏண்ணே, அண்ணி என்ன கரண்ட் கம்பியா என்று. இவர் வெளியே போய்விட்டார்.

ஆறாவது கீமோ முடிந்து இரண்டு மாதம் ஆயிற்று. கறை மருந்து மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏறிக்கொண்டிருந்தது. அது அரை மணி வேலை, அவளே தனியாகப் போய் ஏற்றிக்கொண்டு, வரும் வழியில் காய்கறி வாங்கி வருவாள். எக்கோ எடுத்துப் பார்த்து இதயம் கெட்டியாக இருக்கிறது என்றார்கள். வாய் ருசி திரும்பிவிட்டது. விரல் நுனியில் மட்டும் மரமரப்பு விடவில்லை. அது போகச் சில மாதம் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் முற்பகல், கேட்காமல் கொள்ளாமல் அவள் தன் மேஜைக்கு வந்து நின்றாள். எட்டு மாதத் தூசியைத் தட்டினாள். மடிப்புப் பாவாடை ஒன்று வந்து கிடந்தது, மீட்டர் அதை இரண்டு தடவை தேய்த்து இரண்டு தடவையும் கெடுத்து வைத்திருந்தார். அவள் அதைத் தண்ணீர் தெளித்து விரித்தாள். தன் பழைய பெட்டியைப் போட்டாள். அதற்குத் திருகு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் திருகை நம்பித் தேய்க்கிற ஆள் இல்லை அவள், விரலைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் பழக்கம். கொண்டுபோனாள். இன்னும் கிட்டே போனாள். மீட்டர் தன் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏய், சுட்டுடப் போகுது."

"எனக்குத் தெரியலைங்க. நீங்க பாருங்க."

"திருகு இருக்குல்ல."

"எனக்குத் திருகு வேண்டாம். கையை வச்சுச் சொல்லுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலை குனிந்திருந்தது.

"இங்க பாருங்க. ஜுரத்துக்குக் குச்சி. பெட்டிக்கு உங்க கை. ஒண்ணோட வேலையை இன்னொண்ணுகிட்ட குடுத்தது நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின தப்பு. அதுக்காகக் கையையே தள்ளி வச்சா எப்படி? என் விரல் மரத்துக் கிடக்கு. இனிமே என் பெட்டிக்கும் நீங்கதான் சூடு பார்க்கணும். நான் எங்க போவேன்?"

மீட்டர் மெதுவாகக் கையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் நீட்டினார். நாலு மாதம் கழித்து நீட்டுகிறார். "இது பருத்திக்கு ஆகும். பாவாடைக்கு இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்றார். அவள் சுவிட்சை அணைத்தாள். அணைத்துவிட்டு, நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்வதற்குள் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் தலைத் துண்டை அவிழ்த்தாள். தலை முழுக்க அரை விரற்கடைக்கு முடி முளைத்திருந்தது, முன்னை மாதிரி இல்லை, பாதி நரையாக. அவர் கையைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தாள். அவர் வெடுக்கென்று இழுக்கப் பார்த்தார்.

"சூடு பார்க்கச் சொல்லல" என்றாள். "சும்மா வைங்க."

வைத்தார். நெருப்பையே தாங்குகிற அந்தத் தடித்த உள்ளங்கையில் முள் முள்ளாகக் குத்தியது. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்க அவருக்கு இன்னொரு கை இருந்தது, துடைக்கவில்லை.

தீய்ந்த வாடை வந்தது. அவள்தான் முதலில் மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, உங்க பெட்டியைப் படுக்க வச்சிட்டு வந்துட்டீங்க. சட்டை கருகுது."

"கருகட்டும்" என்றார் மீட்டர். கையை எடுக்கவில்லை.